வாப்பாவின் துவக்குக்கு விலை

பழைய துவக்கு ஒன்றுக்கு விலை சொல்வது எப்படி என்று யாராவது கேட்டால் என்னால் இன்றைக்கும் நாலு விஷயம் சொல்ல முடியும். குழலை மடித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். உள்பக்கம் மின்னினால் ஒரு விலை, அம்மைத் தழும்பு போலப் புள்ளி விழுந்திருந்தால் வேறு விலை. மடிப்பில் ஆட்டம் இருக்கிறதா என்று காதருகே வைத்து அசைத்துப் பார்க்க வேண்டும். மரப்பிடியில் கீறல் இருந்தால் விரல் நகத்தை ஓட்டினால் தெரிந்துவிடும். நான் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஆள். துப்பாக்கிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் ஒரு துவக்கு விலைபோன விதத்தை நான் மறக்கவில்லை, மறக்க முடிந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் லக்கலப் பக்கம் குடியிருந்தோம். வாப்பாவின் ஊர் உக்குவளை. அங்கே ஒரு துண்டு வளவுக்குக் கேட்கும் விலைக்கு லக்கலயில் வயலும் மேட்டுக்காணியும் சேர்ந்து கிடைக்கிறது என்று யாரோ வாப்பாவின் காதில் போட்டுவிட்டார்கள். வாப்பா ஒரே கிழமையில் போய்ப் பார்த்து, அடுத்த கிழமையே கையெழுத்தும் வைத்துவிட்டு வந்தார். காணியோடு யானையும் வரும் என்பதை விற்றவர் சொல்லவில்லை. உம்மா மட்டும் கேட்டாராம், இவ்வளவு நல்ல காணியை ஏன் விற்கிறார்கள் என்று.

காட்டோரம் மின்வேலி போட்டிருந்தார்கள். அது வேலை செய்யும் நாட்களை யானைகள் எங்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தன. வனவிலங்கு அலுவலகத்திலிருந்து யானை விரட்டும் வெடி கொடுப்பார்கள், அதுவும் மாரி காலத்தில் போதாது. அலைந்து திரிந்து வாப்பா ஒரு லைசன் எடுத்து, பழைய ஒற்றைக்குழல் துவக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். யானையை அதனால் சுட முடியாது, சுடவும் கூடாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தால் யானை நின்று யோசிக்கும், அந்த யோசனைக்குள் மனிதன் வீட்டுக்கு ஓடி வந்துவிடலாம். பன்றிகளுக்குத்தான் உண்மையான வெடி. வாப்பா சுட்ட பன்றியை வாப்பா ஒருநாளும் தொட்டதில்லை. கீழ்வயல் சிங்களக்காரர் பண்டா மாமாவுக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரும் அவருடைய ஆட்களும் கம்போடு வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் போனதும் உம்மா வாப்பாவின் உடுப்பைத் தனியாக ஊறப் போடுவார். மறுநாள் பண்டா மாமா வீட்டிலிருந்து ஒரு வாழைக்குலை வரும்.

வாப்பா ஒருநாள் காலையில் சுபஹு தொழுதுவிட்டு வயல் பக்கம் போனார். களத்தில் அடித்துவைத்திருந்த நெல்லைச் சுற்றி ஏதோ நடமாட்டம் என்று பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். யானை நின்றது. வாப்பா துவக்கை உயர்த்தி விசையை இழுத்தார். துவக்கு வெடிக்கவில்லை. இதைத் தூரத்தில் மரத்தில் ஏறி நின்ற ஒருவர் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததை அவர் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வாப்பாவின் ஜனாஸாவை எடுத்து அடக்கிய பிறகு வீட்டுக்கு வந்த ஆண்கள் எல்லாரும் முற்றத்தில் ஒரே கதையைத்தான் பேசினார்கள். துவக்கு ஏன் வெடிக்கவில்லை? பொலிஸார் வந்து எழுதிக்கொண்டு, குழலுக்குள் இருந்த தோட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். விசைக்கம்பி களைத்துவிட்டது என்றார் ஒருவர். தோட்டாவை அடிக்கும் ஆணி தேய்ந்திருக்கும் என்றார் இன்னொருவர். தோட்டாவுக்குள் ஈரம் போயிருக்கும் என்றார் மூன்றாமவர். பள்ளி லெப்பை, ஒவ்வொருவருக்கும் எழுதிய நேரம் வந்தால் துவக்கு என்ன செய்யும் என்று சொல்லி எல்லாரையும் அடக்கினார். அவர் எழுந்து போனதும் மறுபடி தொடங்கினார்கள்.

உள் அறையில் வெள்ளை உடுத்து உட்கார்ந்திருந்த உம்மாவுக்கு இதெல்லாம் கேட்டது. தோட்டா டின் முன்பு அலுமாரிக்கு மேலே இருந்தது. என் தம்பிக்கு இரண்டு வயது, கதிரையை இழுத்துப் போட்டு எதன் மீதும் ஏறுவான். ஒருநாள் அவன் அந்த டின்னைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து உம்மா நடுங்கிப்போனார். அதைப் பின் அறையில், தென்னங்கன்றுக் குழிகளுக்குப் போட வாங்கி வைத்திருந்த உப்புச் சாக்குக்குப் பின்னால் மறைத்து வைத்தார். வாப்பாவுக்கும் அது தெரியும், நல்ல வேலை செய்தாய் என்று சொன்னார். பிறகு மாரி வந்தது. மாரியில் உப்புச் சாக்கு தண்ணீர் விடும். சாக்கு நின்ற இடத்தில் தரை எப்போதும் நனைந்துதான் இருந்தது.

ஆறுதல் சொல்ல வந்த பெண்களிடம் உம்மா திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார். "அந்தத் துவக்கு கெட்ட சாமான். வாங்கின நாளையிலேந்தே எனக்கு அது புடிக்கல்ல." அப்படி ஒருநாளும் உம்மா முன்பு சொல்லி நான் கேட்டதில்லை. வாப்பா அதற்கு எண்ணெய் போடும்போது துணி கிழித்துக் கொடுத்தவரே உம்மாதான்.

லைசன்காரர் மவுத்தாகிவிட்டால் துவக்கைப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் லைசன் உள்ள வேறொருவருக்கு முறைப்படி மாற்ற வேண்டும் என்று கிராம சேவகர் வந்து சொன்னார். நல்ல மனிதர், ஒரு மாதம் தவணை தந்தார். எங்களுக்குப் பணம் வேண்டியிருந்தது. உம்மா இத்தா முடிந்ததும் எங்களைக் கூட்டிக்கொண்டு உக்குவளைக்கே போய்விட நினைத்திருந்தார், அங்கே ஒரு வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும். வாப்பாவின் தம்பி, என் சாச்சா, உக்குவளையில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தார். துவக்கை விற்கும் பொறுப்பை அவர் கேட்காமலே எடுத்துக்கொண்டார்.

இத்தா என்றால் கணவனை இழந்தவள் வீட்டுக்குள் இருக்க வேண்டிய நான்கு மாதமும் பத்து நாளும். உம்மா அந்நிய ஆண்கள் முன் வரக்கூடாது, எங்கள் பக்கத்து வழக்கப்படி குரலும் அவர்களுக்குக் கேட்கக்கூடாது. கணவனின் தம்பியும் அந்தக் கணக்கில் அந்நியர்தான். உம்மாவுக்குக் கூடப் பிறந்த ஆண்களும் இல்லை. ஆகவே முன் அறைக்கும் உள் அறைக்கும் நடுவே தொங்கிய பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு போய் வரும் வேலை எனக்கு வந்தது. திரைக்கு இந்தப் பக்கம் சொன்னதை உம்மா அந்தப் பக்கத்திலிருந்து ஒரு எழுத்துக் குறையாமல் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். இருந்தாலும் நான் உள்ளே போய் அதையே மறுபடி சொல்ல வேண்டும். உம்மாவும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பது போலக் கேட்டுவிட்டுப் பதில் சொல்வார். அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாப்பா போன பிறகு யாரும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை, இந்த விலை பேசும்போது மட்டும் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

சாச்சா துவக்கைத் தயார் செய்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குழலுக்குத் தேங்காயெண்ணெய், மரப்பிடிக்குத் தன் கடையிலிருந்து கொண்டுவந்த பொலிஷ். பிடியில் வாப்பாவின் கன்னம் பட்டு நிறம் மங்கிய ஒரு இடம் இருந்தது. அதையும் தேய்த்து மற்ற இடத்தைப் போலவே ஆக்கிவிட்டார். அவர் எழுந்து போனதும் நான் அந்த இடத்தை விரலால் தடவித் தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

முதலில் வந்தவர் பலாபத்வலையில் மிளகு வியாபாரம் செய்யும் ஒரு முதலாளி. வெள்ளைச் சாரனும் சேர்ட்டுமாக வான் வண்டியில் வந்து இறங்கினார். குரங்குத் தொல்லை என்று சொன்னார். அவர் துவக்கைப் பிடித்த விதத்தைப் பார்த்தால் குரங்குக்கு ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை. சாச்சா ஐம்பதாயிரம் சொன்னார். முதலாளி குழலுக்குள் பார்த்தார், அசைத்துப் பார்த்தார், கடைசியில் எதற்காகவோ மேலே முகட்டைப் பார்த்தார்.

"எல்லாம் சரி. அண்டைக்கு இது வெடிக்கல்லண்டு சொல்றாங்களே?"

சாச்சா சிரித்தார். "துவக்குல ஒண்டுமில்ல முதலாளி. தோட்டா ஈரம். வீட்டுல எங்கயோ மூலையில வச்சீக்காங்க. பொம்பளயளுக்கு இதெல்லாம் வெளங்குமா?"

திரை அசைந்தது. நான் உள்ளே போனேன். உம்மா பாயில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து திரைக்கு அருகே நின்றுகொண்டிருந்தார். தஸ்பீஹ் மணி கையில் இருந்தது, விரல் ஓடவில்லை.

"மகள், போய்ச் சொல்லுங்க. துவக்குத்தான் வெடிக்கல்ல. தோட்டா நல்ல தோட்டா. சாச்சாக்கு வெளங்காட்டி அந்த முதலாளிக்காவது வெளங்கட்டும்."

நான் வெளியே வந்து இரண்டு பேருக்கும் பொதுவாக அதை ஒப்புவித்தேன். முதலாளி துவக்கை மெதுவாக மேசையில் வைத்தார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார், என் தலையைத் தடவிவிட்டு வண்டியில் ஏறினார். சாச்சா வாசலில் நின்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

"மதினி, நீங்க கொஞ்சம் பேசாம ஈங்களே," என்றார் திரையைப் பார்த்து. "நான் இந்தப் புள்ளைகளுக்காகத்தானே இவ்வளவு தூரம் பஸ்ஸேறி வாறன்?"

அதுவும் உண்மைதான். அந்தக் காலத்தில் லக்கலவுக்கு வந்து போகிற பஸ்ஸை நம்பிக் கடையைப் பூட்டிவிட்டு வருவது சின்ன விஷயம் இல்லை. சாச்சாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

முதலாளி போகிற வழியிலெல்லாம் கதையைச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். பள்ளியிலும் அதே பேச்சு. புருஷனைப் பறிகொடுத்த நேரத்திலும் பொய் சொல்லி விற்க மாட்டேன் என்ற ஈமானுள்ள பெண் என்று உம்மாவுக்குப் பெயர் கிடைத்தது. பெண்கள் வந்து கையைப் பிடித்துச் சொன்னார்கள். உம்மா அந்தப் புகழ்ச்சியைத் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நானும் பாடசாலையில் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

அடுத்த முறை வந்தபோது சாச்சா சலித்துப்போயிருந்தார். அப்படியானால் விலையை நீங்களே சொல்லுங்கள் என்று திரைக்குச் சொன்னார். உம்மா என்னிடம் பதினையாயிரம் என்றார். இரும்பு விலை என்று சாச்சா முணுமுணுத்தார். கெட்ட துவக்குக்கு அதுதான் நியாயமான விலை, அதற்கு மேல் ஒரு சதம் வாங்கினாலும் ஹராம் என்று உம்மா சொல்லி அனுப்பினார். நான் அதையும் கொண்டுபோய்ச் சொன்னேன்.

அந்த விலைக்கு வாங்க வந்தவர்தான் பண்டா மாமா. அவருடைய துவக்கின் குழல் அந்த வருடம் வெடித்துப்போயிருந்தது. லைசன் கையில் இருக்கிறது, துவக்கு இல்லை. யானையோ எங்கள் வயலைத் தாண்டித்தான் அவருடைய வயலுக்கு வரும். அவர் வந்து முன் அறையில் உட்காராமல் வாசற்படியிலேயே நின்றார். வாப்பாவின் ஜனாஸாவின்போதும் பள்ளி மதிலுக்கு வெளியே அப்படித்தான் நின்றார் என்று சாச்சா சொன்னார்.

விலையைக் கேட்டதும் பண்டா மாமாவுக்கு முகம் மாறியது. துவக்கை வாங்கிக் குழலை மடித்து வெளிச்சத்தில் பார்த்தார். மடிப்பை அசைத்துப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் சாச்சாவிடம், இந்தத் துவக்கு எத்தனையோ தரம் வெடித்ததைத் தன் வீட்டில் படுத்துக்கொண்டே கேட்டிருப்பதாகச் சொன்னார். தன் உயிரை நம்பி எடுக்கிற சாமான், சுட்டுப் பார்க்காமல் எடுக்க மாட்டேன் என்றார். யாரும் அதை மறுக்க முடியாது. நான் உள்ளே போய்ச் சொன்னேன்.

"சுட்டுப் பாக்கட்டும்," என்றார் உம்மா. "வெடிக்காது."

வீட்டுக்குப் பின்னால் வயல் வரப்புக்குப் போனோம். பண்டா மாமா தன் சட்டைப் பையிலிருந்து சிவப்புத் தோட்டா ஒன்றை எடுத்துப் போட்டு வானத்துக்குச் சுட்டார். காகங்கள் எல்லாம் கிளம்பின. இன்னொன்றும் போட்டுச் சுட்டார், அதுவும் வெடித்தது. சாச்சா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பண்டா மாமா அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. வீட்டில் மிச்சமிருக்கிற தோட்டாவும் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்.

நான் ஓடினேன். உம்மா திரையருகே நின்றுகொண்டிருந்தார். டின்னைக் கேட்டேன்.

"என்னத்துக்கு?"

"பண்டா மாமா கேக்குறார்."

உம்மா பின் அறைக்குப் போனார். போனவர் வர நேரம் எடுத்தது. டின்னைக் கொண்டுவந்து என் கையில் தந்தவர், நான் பிடித்த பிறகும் உடனே விடவில்லை. நான் இழுத்த பிறகுதான் விட்டார்.

மூடி இறுகியிருந்தது, சாச்சா ஆணியால் நெம்பித் திறந்தார். தோட்டாக்களின் பித்தளை அடியில் பச்சை பூத்திருந்தது. பண்டா மாமா ஒன்றைத் துடைத்துப் போட்டு விசையை இழுத்தார். டிக் என்று ஒரு சத்தம், வேறொன்றும் இல்லை. இன்னொன்றைப் போட்டார், அதற்கும் அதே சத்தம். அந்தத் தோட்டாவை வெளியே எடுத்து அடிப்பக்கத்தைச் சாச்சாவுக்குக் காட்டினார். நடுவில் ஆணி அடித்த தடம் நன்றாக ஆழமாகப் பதிந்திருந்தது. நானும் எட்டிப் பார்த்தேன். துவக்கு தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது என்பது எனக்குக்கூட விளங்கியது. வீட்டுக்குள் இருந்த உம்மாவுக்கு அந்த இரண்டு வெடியும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்டிருக்காது.

பண்டா மாமா திரும்ப வந்து வாசற்படியில் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"துவே, அம்மாட்ட சொல்லுங்க. துவக்கு நல்லம். தோட்டாதான் பழுது. நல்ல சாமான் நான் பழுது விலைக்கு எடுக்க மாட்டேன். நாப்பதாயிரம் நான் தாறேன். முதலாளி நம்ம கூட்டாளி, அவர்ட பிள்ளைகளுக்கு நான் அநியாயம் செய்ய ஏலாது."

துவே என்றால் சிங்களத்தில் மகள். முதலாளி என்று அவர் சொன்னது வாப்பாவை. அந்த மனிதரின் கண் கலங்கியிருந்தது. இன்றைக்கும் அவரைப் போல ஒரு நேர்மையானவரை நான் கண்டதில்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் திரையை விலக்கிக்கொண்டு பாய்ந்தேன். இந்தக் கிழமைகளில் அந்தத் திரை வழியாக நான் கொண்டுபோனவற்றில் இதுதான் முதல் நல்ல செய்தி. உம்மா பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னேன்.

"பதினையாயிரத்துக்கே குடுக்கச் சொல்லுங்க," என்றார் உம்மா. குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

உம்மாவுக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். வகுப்பில் இப்போது பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்கிறேனோ அப்படி, முன்னால் உட்கார்ந்து நிதானமாக விளக்கினேன்.

"உம்மா, கூட வாங்கினா ஹராம் இல்ல. துவக்குல ஒரு பிழையும் இல்லயாம். அவர்ட தோட்டா ரெண்டும் வெடிச்சிச்சு. எங்கட தோட்டா ரெண்டும் வெடிக்கல்ல. எல்லாம் பச்ச புடிச்சி ஈக்குது. நானே பாத்தேன்."

உம்மா தலையை ஆட்டினார், ஆம் என்றா இல்லை என்றா என்று தெரியவில்லை. முன் அறையிலிருந்து சாச்சா என்னவாம் என்று கேட்டார். எனக்கு அவசரம். நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன், இந்த முறை ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னேன். துவக்கு நல்லம். ஆணி நல்லா அடிக்குது. ஈரம் தோட்டாவுலதான். விளங்கிச்சா உம்மா, என்று கேட்டேன்.

"வெளங்கிச்சு மகள்," என்றார் உம்மா. "அவர் சொல்ற வெலைக்கே குடுக்கச் சொல்லுங்க."

நான் வெளியே ஓடிச் சொன்னதும் சாச்சா என்னைத் தூக்கிச் சுற்றினார். இத்தனை நாளாகத் தன்னால் முடியாததை இந்தச் சின்னப் பிள்ளை செய்துவிட்டாள் என்றார். பண்டா மாமாவும் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் தம்பி உம்மா உம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், உம்மா அவனுக்குப் பதில் கொடுக்கவில்லை. நான் அதைக் கேட்டுக்கொண்டே முற்றத்தில் நின்று, உம்மாவை எப்படி ஒப்புக்கொள்ள வைத்தேன் என்று சாச்சாவுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். உம்மா எதை ஒப்புக்கொண்டார் என்று அப்போது எனக்குத் தெரியாது.